குண்டு விழாத நகரத்தில் பிள்ளைகளுக்குப் போர் எப்படித் தெரிந்தது?

கேள்வி: மாங்குளம் ரீச்சர்

அனைவருக்கும் வணக்கம். மாங்குளத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் தரம் 11 மாணவருக்கு வரலாறு கற்பிக்கிறேன். சென்ற கிழமை இரண்டாம் உலகப் போர் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தி எழுந்து, "ரீச்சர், அமெரிக்காவில குண்டே விழேல்லைத்தானே, பிறகு அங்கத்தைப் பிள்ளையளுக்குச் சண்டை நடக்குது எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். அவள் 2009இல் முகாமொன்றில் பிறந்தவள். போர் என்றால் பதுங்குகுழி, தறப்பாள், தகப்பனின் படம் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவளுக்கு அப்படிக் கேட்கத் தோன்றியது இயல்பே. ஆனால் என்னால் அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. பேர்ள் துறைமுகத்தையும் ஹிரோஷிமாவையும் பற்றி எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன். அந்த நான்கு ஆண்டுகளும் அந்நாட்டுப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

படைத்தளபதிகளின் பெயர்கள் எனக்கு வேண்டாம். ஏதாவது ஒரு நகரத்தை மட்டும் எடுத்து, அங்கே பிள்ளைகளைக் காலையில் யார் எழுப்பினார்கள், என்ன உண்டார்கள், தாயும் தகப்பனும் எங்கே போனார்கள், போர் முடிந்த பிறகு என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: விசுவமடுவைச் சேர்ந்தவன்

ரீச்சர், வணக்கம். நான் பதினொரு ஆண்டுகளாக அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரில் வசிக்கிறேன். உங்கள் மாணவிக்கு இந்த நகரத்தையே எடுத்துச் சொல்லலாம் என்பது என் எண்ணம். நான் அன்றாடம் வேலைக்குப் போகும் வழியில் கிடக்கும் வெறும் நிலமும் புல்வெளியும் ஒரு காலத்தில் பிள்ளைகளால் நிறைந்திருந்தன என்று அறிந்த நாளிலிருந்து, இவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

1940இல் இங்கே மூன்று இலட்சத்துக்குச் சற்று அதிகமானோர் வாழ்ந்தார்கள். போர் வந்ததும் ஹென்றி கைசர் என்ற தொழிலதிபர் போர்ட்லாண்டில் இரண்டும், கொலம்பியா ஆற்றுக்கு அக்கரையில் வாஷிங்டன் மாநில வான்கூவரில் ஒன்றுமாக மூன்று கப்பல் கட்டும் தளங்களை நடத்தினார். ஊரில் ஆட்கள் போதாமல் 1942இல் நியூயோர்க்கிலிருந்து தனி ரயில்களில் தொழிலாளரைக் கொண்டுவந்தார்கள். வேலை இரவு பகலாக மூன்று ஷிப்டுகளில் நடந்தது. ஆண்கள் படைக்குப் போகப் போகப் பெண்கள் ஒட்டுவேலைக்கும் மின்வேலைக்கும் வந்தார்கள். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, பல வீடுகளில் பிள்ளையைக் காலையில் எழுப்ப ஒருவரும் இருக்கவில்லை என்பதுதான் விடை. தகப்பன் இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் உறங்குவார், தாய் அதற்குள் புறப்பட்டிருப்பார், பிள்ளை சத்தம் போடாமல் எழுந்து, கழுத்தில் கயிற்றில் கட்டிய வீட்டுச் சாவியோடு பள்ளிக்கூடம் போகும். சாவி தொங்கும் பிள்ளைகள் என்றே அக்காலத்தில் அவர்களுக்குப் பெயர் விழுந்தது.

உணவைப் பொறுத்தவரை, கூப்பன் என்ற ஒரு சொல்லிலேயே உங்கள் மாணவியின் அம்மம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிடும். பிறந்த குழந்தைக்கும் தனியாக ஒரு கூப்பன் புத்தகம் இருந்தது. 1942 மே மாதம் சீனியில் தொடங்கிய பங்கீடு, 1943 தொடக்கத்தில் சப்பாத்துக்கும் இறைச்சிக்கும் பட்டருக்கும் தகரத்தில் அடைத்த உணவுகளுக்கும் பரவியது. சப்பாத்து ஆண்டுக்கு மூன்று சோடி என்ற கணக்கு. வளரும் பிள்ளையின் கால் அந்தக் கணக்குக்குக் காத்திருக்காது என்பதால் தாய்மார் தங்கள் பங்கைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தார்கள். இரும்பு முழுவதும் ஆயுதத்துக்குப் போனதால் 1942இலேயே உலோக விளையாட்டுப் பொருட்களின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. மட்டையிலும் மரத்திலும் செய்த விளையாட்டுச் சாமான்களே கடைக்கு வந்தன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொண்ணூறுகளில் எங்களுக்குச் சவர்க்காரமும் பற்றரியும் மண்ணெண்ணெயும் இல்லாமற் போனதையும், அவர்களுக்குச் சீனி குறைந்ததையும் ஒரே தட்டில் வைத்து மாணவருக்குச் சொல்லிவிடாதீர்கள். அவர்களுடையது, இருப்பதை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுப்பதற்கு அவர்களுடைய அரசே வகுத்த ஏற்பாடு. எங்களுடையது பொருளாதாரத் தடை. பனங்களியில் உடுப்புத் தோய்த்த தாயின் பிள்ளைக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்திலும் போர் இருந்தது. பிள்ளைகள் பத்துச் சதம் கொடுத்துப் போர் முத்திரை வாங்கி ஒரு கொப்பியில் ஒட்டிவந்தார்கள். 18 டொலர் 75 சதம் சேர்ந்ததும் அதை அரசின் சேமிப்புப் பத்திரம் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். அது பத்தாண்டுகளில் 25 டொலராகும். தெருத் தெருவாகப் பழைய இரும்பும் ரப்பரும் கடதாசியும் சேர்த்தார்கள். சமையலில் மிஞ்சிய கொழுப்பைக்கூடத் தகரத்தில் ஊற்றி இறைச்சிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், ஏனெனில் அதிலிருந்து எடுக்கும் கிளிசரின் வெடிமருந்துக்குத் தேவைப்பட்டது. கோடை விடுமுறையில் அவரை ஆயவும் ஸ்ட்ரோபெரி பறிக்கவும் நகரப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றித் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். சில வீட்டு யன்னல்களில் நீல நட்சத்திரம் போட்ட சிறு கொடி தொங்கும். அந்த வீட்டில் ஒருவர் படையில் இருக்கிறார் என்பது பொருள். இறந்த செய்தி வந்தால் நீலம் பொன்னிறமாக மாறும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அந்த நிறம் தெரியும்.

வான்போர்ட் என்ற குடியேற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் பிறகு எழுதுகிறேன்; இப்போது வேலைக்குப் போக நேரமாகிவிட்டது.

மறுமொழி: முள்ளியவளை முன்பள்ளி அக்கா

தம்பி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க அனுமதியுங்கள். முன்பள்ளி ஆசிரியைகளுக்கான ஒரு பயிற்சியில் இதே போர்ட்லாண்ட் கப்பல் தளங்களின் பிள்ளை பராமரிப்பு நிலையங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1943 நவம்பரில் இரண்டு நிலையங்களைத் தளங்களின் வாசலிலேயே திறந்தார்கள். ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென அமைக்கப்பட்டது. ஒன்றரை வயது முதல் ஆறு வயது வரையானவர்களைச் சேர்த்தார்கள். நடுவில் முற்றம், சுற்றிவரப் பதினைந்து வகுப்பறைகள். தாய் வேலை செய்யும் கப்பலைப் பிள்ளை பார்க்கக்கூடியவாறு யன்னல்கள் வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற குளிக்கும் தொட்டியும், வருத்தம் வந்தால் படுப்பதற்குத் தனி அறையும், இரவு ஷிப்ட் தாய்மாரின் பிள்ளைகள் உறங்குவதற்கு இடமும் இருந்தன. முன்கூட்டிச் சொல்லிவைத்தால், பிள்ளையைக் கூட்டிப்போகும்போது வீட்டுக்கான இரவு உணவையும் சமைத்துக் கொடுத்தார்கள். லோயிஸ் மீக் ஸ்டோல்ஸ் என்ற அம்மையார் பணிப்பாளராகவும், ஜேம்ஸ் ஹைம்ஸ் என்பவர் முகாமையாளராகவும் இருந்தார்கள்.

ஏறக்குறைய நாலாயிரம் பிள்ளைகள் வந்துபோன அந்த நிலையங்கள் 1945 செப்டெம்பரில் மூடப்பட்டன. கப்பல் தேவையில்லை, ஆகவே தாயின் வேலை தேவையில்லை, ஆகவே பிள்ளையின் கட்டிலும் தேவையில்லை. நாடு முழுவதிலும் அரசின் பணத்தில் நடந்த பராமரிப்பு நிலையங்களுக்கான உதவியும் 1946இல் நின்றுபோனது. கலிபோர்னியா மாநிலம் விடாமல் தொடர்ந்து நடத்தியது. தனியாக உழைத்துப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் ஒவ்வொரு காலையும் என்னிடம் பிள்ளையை விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துக்கு ஓடுவதைப் பார்ப்பவள் நான். போர் முடிந்தபோது அந்தத் தாய்மாருக்கு உழைக்கும் தேவையும் முடிந்துவிட்டது என்று யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வியையும் மாணவரிடம் கேளுங்கள் ரீச்சர்.

மறுமொழி: மல்லாவி பழைய நூலகர்

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே நகரத்தின் ஒரு பகுதிப் பிள்ளைகள் விடுபட்டுப் போயிருக்கிறார்கள். 1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட 9066ஆம் இலக்கக் கட்டளையின் பின்னர், மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். போர்ட்லாண்டில் அவர்களை அடைத்து வைத்த இடம் கால்நடைக் கண்காட்சி மண்டபம். மாடும் பன்றியும் நின்ற நிலத்தின்மேல் பலகை அடித்து, ஒட்டுப்பலகைத் தட்டிகளால் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்து, 3,500க்கு மேற்பட்டோரை அங்கே இருத்தினார்கள். கோடை முழுவதும் அவர்கள் அந்த நாற்றத்திலும் இலையான் மொய்ப்பிலும் இருந்தார்கள். பின்னர் பெரும்பாலானோர் ஐடஹோ மாநிலத்தின் மினிடோக்கா முகாமுக்கு ரயிலில் அனுப்பப்பட்டார்கள். கையில் தூக்கக்கூடியதை மட்டுமே கொண்டுபோகலாம். நாய் பூனைகளுக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இலக்கம் வழங்கப்பட்டது, அந்த இலக்கத்தை எழுதிய துண்டு பிள்ளையின் மேற்சட்டையிலும் தொங்கியது. 1988இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டொலர் வழங்கியது.

இன்னொன்று. குண்டு விழவேயில்லை என்பதும் முற்றிலும் சரியல்ல. 1945 மே 5ஆம் திகதி, அதே ஒரிகன் மாநிலத்தின் பிளை என்ற சிற்றூருக்கு அருகில், தேவாலயப் பிள்ளைகள் ஐந்து பேரும் அவர்களைக் காட்டுக்குச் சுற்றுலா கூட்டிச்சென்ற போதகரின் மனைவியும் நிலத்தில் கிடந்த ஒரு விசித்திரமான பொருளைக் கண்டு கிட்டப் போனார்கள். அது யப்பான் காற்றில் மிதக்கவிட்ட கடதாசி பலூன் ஒன்றில் வந்த குண்டு. ஆறு பேரும் இறந்தார்கள். பிள்ளைகளின் வயது 11 முதல் 14 வரை. அப்படிப்பட்ட பலூன்கள் வருவதை அரசு அறிந்திருந்தும், யப்பானுக்குத் தகவல் போய்விடக்கூடாதென்று பத்திரிகைகளில் வெளிவராமல் தடுத்திருந்தது. அந்தச் சாவுகளுக்குப் பிறகே பொதுமக்களை எச்சரித்தார்கள். மிதிவெடி எச்சரிக்கைக்கு மண்டையோட்டுப் பலகை நட்ட காணிகளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய்வந்த எங்கள் பிள்ளைகளுக்கு, தெரியாத பொருளைத் தொடாதே என்று முன்கூட்டியே சொல்லாமல் விட்டதன் விலை என்னவென்று விளக்கத் தேவையில்லை.

மறுமொழி: மாங்குளம் ரீச்சர்

மூவருக்கும் நன்றி. நூலகர் ஐயா எழுதியதை வாசித்தபோது, மேற்சட்டையில் தொங்கிய இலக்கத் துண்டு என்ற இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன். அந்த மாணவியின் தாய் தங்கள் முகாம் அடையாள அட்டையை இன்னும் பொலித்தீனில் சுற்றிப் பெட்டகத்துக்குள் வைத்திருக்கிறார். நாளை மறுநாள் இதையே பாடமாக நடத்தப் போகிறேன். விசுவமடுத் தம்பி, வான்போர்ட் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள். போருக்குப் பிந்தியதும் அதில் வருமா?

மறுமொழி: விசுவமடுவைச் சேர்ந்தவன்

வரும், ரீச்சர். நூலகர் ஐயா சுட்டிக்காட்டிய குறை என்னுடையதே. கண்காட்சி மண்டபம் இருந்த இடத்தைக் கடந்து நானும் எத்தனையோ நாள் போயிருக்கிறேன், அதை எழுதாமல் விட்டது பிழை.

கப்பல் தளத் தொழிலாளருக்கு வீடு போதாததால், 1942 செப்டெம்பரில் கொலம்பியா ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் கட்டத் தொடங்கி, டிசெம்பரிலேயே ஆட்களைக் குடியேற்றிய இடம்தான் வான்போர்ட். ஏறக்குறைய 10,000 வீடுகள், உச்சக் காலத்தில் 40,000 பேர். ஒரிகன் மாநிலத்தின் இரண்டாவது பெரிய நகரம் அது. மெல்லிய பலகைச் சுவர் என்பதால் பக்கத்து வீட்டுக் குழந்தை இருமினாலும் கேட்கும். ஆனாலும் நூலகம், படமாளிகை, மருத்துவமனை என்று எல்லாம் இருந்தன. பள்ளிக்கூடங்களில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தார்கள், கறுப்பின ஆசிரியர்களும் நியமிக்கப்பட்டார்கள். போர்ட்லாண்ட் நகருக்குள் கறுப்பினத்தவர் விரும்பிய இடத்தில் வீடெடுக்க முடியாத காலம் அது.

போர் முடிந்ததும் பலர் வெளியேறினார்கள், போக்கிடமில்லாதவர்கள் தங்கிவிட்டார்கள். படையிலிருந்து மீண்டவர்களும், முகாமிலிருந்து திரும்பி வந்து வீடிழந்திருந்த யப்பானியக் குடும்பங்களும் அங்கே வந்து சேர்ந்தன. பல பிள்ளைகள் தகப்பனை முதன்முதலாகக் கண்டதும் இக்காலத்தில்தான். படத்தில் பார்த்த மனிதர் வீட்டுக்குள் வந்து அதட்டியதை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு நாட்கள் எடுத்தன. நாடு முழுவதிலும் ஏறக்குறைய 1,83,000 பிள்ளைகளுக்குத் தகப்பன் வரவேயில்லை.

குளக்கட்டின் கீழ் வாழும் உங்கள் மாணவருக்கு இனிச் சொல்லப்போவது எளிதில் விளங்கும். வான்போர்ட்டைச் சுற்றி மண் அணைகள். ஆற்றின் நீர்மட்டமோ 1948 வைகாசியில் நிலமட்டத்தைவிட உயர்ந்து நின்றது. மே 30, ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு அதிகாரசபை வீடு வீடாக ஒரு துண்டு கொடுத்தது: அணைகள் தற்போது பாதுகாப்பாக உள்ளன, தேவைப்பட்டால் எச்சரிப்போம், வெளியேற உங்களுக்கு நேரம் இருக்கும், பதற வேண்டாம். அன்று பின்னேரம் நான்கு மணி கடந்து சில நிமிடங்களில் மேற்குப் பக்கத்து ரயில்பாதை அணை உடைப்பெடுத்தது. இடையிலிருந்த சதுப்புக் கால்வாய்கள் வெள்ளத்தைச் சிறிது நேரம் தாங்கிக்கொண்டதால் மட்டுமே பெரும்பாலானோர் தப்பி ஓடினார்கள். 15 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 18,500 பேர் வீடிழந்தார்கள். இரவாகுமுன் நகரம் நீருக்குள் போய்விட்டது. அதை மீண்டும் கட்டவில்லை. மீண்டு வந்த படையினருக்காக 1946இல் அங்கே தொடங்கப்பட்ட கல்லூரி மட்டும் இடம்பெயர்ந்து, இன்று போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகமாக நடக்கிறது.

வகுப்புகள் இருந்த நிலத்தில் இப்போது பூங்காவும் கார்ப் பந்தயத் தடமும் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை போய்ப் படமெடுத்து அனுப்புகிறேன், உங்கள் மாணவிக்குக் காட்டுங்கள்.