4×4 மாய அணி: புதுச் சமச்சீரா, பழைய இடமாற்றமா?

முகிலன்: புள்ளிகளின் இடமாற்றங்களை விரிவாக்கும் குவாண்டம் இடமாற்றக் குலத்துக்கு 1998-இல் கணிதர் ஷுஜோ வாங் தந்த வரையறையில் அணியின் உறுப்பு ஒவ்வொன்றும் ஒரு வீழல் (வெக்டரை ஒரு கோட்டின் அல்லது தளத்தின் மேல் செங்குத்தாக வீழ்த்தும் செயலி), எந்த நிரையைக் கூட்டினாலும், எந்த நிரலைக் கூட்டினாலும் 1. நான்கு புள்ளிகளுக்கு வழக்கமாகக் காட்டும் உதாரணத்தில் முதல் 2×2 கட்டத்தில் ப, 1−ப, இரண்டாவதில் த, 1−த, மற்றதெல்லாம் 0. 1↔2, 3↔4 என்ற இரண்டு இடமாற்றங்கள்தானே இது? புதிதாக என்ன இருக்கிறது?

கயல்: ப-வும் த-வும் பரிமாற வேண்டியதில்லை, அதுதான் புதிது. ஒரு தளத்தில் 45° கோணத்தில் இரு கோடுகளை எடுத்து அவற்றின் மேல் வீழ்த்துங்கள். ப·த வேறு, த·ப வேறு. மூன்று புள்ளிகளில் இதற்கு வழியே இல்லை. ஒரே நிரையிலோ நிரலிலோ உள்ள இரு வீழல்களின் பெருக்கம் 0. ப₁₁ப₂₂-ஐ (கீழெண்கள் நிரையும் நிரலும்) வலப்பக்கம் (ப₁₁+ப₁₂+ப₁₃)-ஆல் பெருக்கினால் நடு உறுப்பு போய்விடும். ப₁₁ப₂₂ப₁₃-இல் ப₂₂ = 1−ப₂₁−ப₂₃ என்று போட்டால் மூன்று துண்டும் 0. மிஞ்சுவது ப₁₁ப₂₂ = ப₁₁ப₂₂ப₁₁. வலப்பக்கம் இணைமாற்றில் (பெருக்கத்தில் வீழல்களின் வரிசையைத் திருப்புவதில்) மாறாதது. ஆகவே இரண்டும் பரிமாறும்.

முகிலன்: நிறுவல் சரி. ஆனால் உங்கள் 4×4 உதாரணத்தில் 1-உம் 3-உம் கலக்கவே இல்லையே. முழுக் குலத்துக்கும் அது சாட்சியாகாது.

கயல்: அப்படியானால் பவுலி மாதிரியைப் பாருங்கள். நீளம் 1 உள்ள ஒரு குவாட்டர்னியனை (1, i, j, k என்ற நான்கு அலகுகளால் ஆன நான்கு கூறு எண்), நிரைக்குரிய அலகால் இடப்பக்கமும் நிரலுக்குரிய அலகால் வலப்பக்கமும் பெருக்குங்கள். கிடைக்கும் நான்கு பரிமாண வெக்டரின் மேல் வீழ்த்துவதே அந்த உறுப்பு. 16 இடத்திலும் 0 கிடையாது. (√3/2, ½, 0, 0) எடுத்தால் (1,1), (3,3) வெக்டர்களின் அகப்பெருக்கு −½. அது 0-உம் இல்லை, ±1-உம் இல்லை என்பதால் அவற்றின் வீழல்கள் பரிமாறாது.

முகிலன்: அந்தத் தேர்வில் ஓட்டை இருக்கிறது. கடைசி இரண்டு கூறும் 0 என்பதால் அந்த நான்கு பரிமாண வெளி இரண்டு தளங்களாக உடைகிறது. ஒவ்வொன்றிலும் நிரல்களை மாற்றி அடுக்கினால் அதே பழைய கட்டம்தான்.

கயல்: உண்மை, அந்தத் தேர்வு தவறு. (1, 2, 3, 4)/√30 எடுங்கள். (1,1) வெக்டருக்கும் (2,2), (3,3), (4,4) வெக்டர்களுக்கும் அகப்பெருக்கு, குறியை விட்டால், 2/3, 1/3, 2/15. எதுவும் 0 இல்லை. நான்கும் நேரியல் சார்பற்றவை. அதனால் வெளி உடையாது. (1, 1, 1, 1)/2 மட்டும் வேண்டாம்: எல்லாமே பரிமாறிவிடும்.

முகிலன்: இதை ஏற்கிறேன். ஆனாலும் ஒரே குவாட்டர்னியன் தருவது 4×4 அணிகள் மட்டுமே. குலத்தின் இயற்கணிதமோ (அணியின் உறுப்புகளைக் கூட்டியும் பெருக்கியும் கிடைப்பது) முடிவிலாப் பரிமாணம்.

கயல்: அதற்குத்தான் குவாட்டர்னியனை அலகுக் கோளம் முழுக்க ஓடவிடுவது. அப்போது ஒன்றும் தொலையாமல் முழு இயற்கணிதமும் பதிகிறது. கணிதர்கள் பானிகாவும் காலின்ஸும் நிறுவியது அதைத்தான்.