பழைய பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் கியர்: சூடேறியதும் மூன்றிலேயே நின்றுவிடுகிறது

கேள்வி:
வணக்கம். ஹூஸ்டனில் மண்ணும் மரக்கட்டையும் ஏற்ற 1998-ஆம் ஆண்டு பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறேன். கணினி இயக்கும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக். காலையில் எல்லாக் கியர்களும் ஒழுங்காக விழுகின்றன. அரை மணி நேரம் ஓடிச் சூடேறியபின், சிக்னலில் நின்று கிளம்பினால் பெரும்பாரம் இழுப்பதுபோல் நகர்கிறது. அதன்பின் கியர் மாறுவதே இல்லை. ரிவர்ஸ் போட்டால் பலமாக இடிக்கிறது. அணைத்துவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்தால் சிறிது நேரம் சரியாக ஓடுகிறது. பணிமனை ஒன்றில் ஸ்கேன் கருவியைக்கூட இணைக்காமல், கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள். அந்தச் செலவுக்கு வண்டியே பெறாது. வேறு வழி உண்டா?

மறுமொழி:
ஐயா, தயவுசெய்து இப்போதே கியர்பாக்ஸைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். சொலினாய்டு (கியர் மாற்ற எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்காந்த வால்வு) மின்சுற்றில் பழுது தெரிந்தால், கணினி தற்காப்பாகக் கியர் மாற்றுவதை நிறுத்திவிடும். இவ்வகை நான்கு கியர் வண்டிகள் பலவற்றில் அப்போது மூன்றாம் கியர் மட்டுமே கிடைக்கும், எண்ணெய் அழுத்தமும் உச்சத்துக்குப் போகும். ரிவர்ஸ் இடிப்பது அதனால்தான். கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருந்தால் இன்ஜின் மட்டும் இரைந்து வேகம் ஏறாமல் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அது குணமாகாது.

அமெரிக்காவில் 1996 முதல் விற்ற கார், பிக்கப்களில் ஓபிடி-2 இணைப்பு உண்டு, ஸ்கேன் கருவியை அதில் மாட்டினால் கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீடுகளைப் படிக்கலாம். பி0700 என்ற குறியீடு மட்டும் வந்தால் அது கியர்பாக்ஸ் பக்கம் பழுது உண்டு என்ற வெறும் அறிவிப்பு. கியர்பாக்ஸ் பழுதுக் குறியீடுகளையும் படிக்கும் கருவி வேண்டும். எண்ணெயையும் சூடான நிலையில், சமதரையில், வண்டிக் கையேடு சொல்லும் முறைப்படி பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எண்ணெய் சிவப்பாகவே இருக்கிறது, கருகல் வாடை இல்லை. பி0758 என்ற குறியீடு வந்தது.

மறுமொழி:
அது இரண்டாவது ஷிப்ட் சொலினாய்டின் மின்சுற்றைக் குறிக்கிறது. சொலினாய்டே கெட்டுவிட்டது என்று பொருளல்ல. கியர்பாக்ஸ் பக்கவாட்டிலுள்ள கனெக்டரைக் கழற்றி, குளிர்ந்தபோதும் சூடானபோதும் மல்டிமீட்டரால் அந்தச் சொலினாய்டின் மின்தடையை அளந்து, கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். சூட்டில் சுற்று அறுந்ததாகக் காட்டினால் பழுது உள்ளே. இல்லையென்றால் கனெக்டர் முதல் கணினி வரையுள்ள வயரை ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பாருங்கள், முக்கியமாகச் சைலன்சர் குழாய்க்கு அருகில்.

கேட்டவர்:
குளிர்ந்தபோது 24 ஓம், சூட்டில் 30 ஓம். இந்த ஏற்றம் கவலைக்குரியதா?

மறுமொழி:
இல்லை. செம்புச் சுருள் சூடேறினால் மின்தடை இந்த அளவு கூடுவது இயல்பு. வயரைப் பாருங்கள்.

கேட்டவர்:
கண்டுபிடித்துவிட்டேன். பிடிப்பான் உடைந்ததால் வயர்க்கட்டு சைலன்சர் குழாய்மேல் சாய்ந்து கிடந்தது. உறை உருகி, ஒரு வயரில் இரண்டு இழைகளே மிஞ்சியிருந்தன, அவையும் பச்சை பூத்திருந்தன. கெட்ட பகுதியை வெட்டிப் புது வயர் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை மாட்டி, சைலன்சர் குழாயிலிருந்து விலக்கிக் கட்டினேன். பழுதுக் குறியீட்டை அழித்து நேற்று முழுப் பாரத்துடன் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். நான்கு கியர்களும் விழுந்தன, குறியீடு திரும்ப வரவில்லை.