ஊர் சுற்றுவது தொழில், வீட்டில் பிள்ளை: தமிழக–கேரள எல்லைப்பக்கத்து மூவரின் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரி:

"பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள்?" எந்த ஊருக்குப் போனாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். கூட்டிக்கொண்டு போனால், "சின்னப் பிள்ளையை ஏம்மா இப்படி அலைக்கழிக்கிறாய்?" இரண்டையும் செய்து பார்த்தாயிற்று, இரண்டுக்கும் திட்டு வாங்கியாயிற்று.

பயணம் போய் எழுதுவதுதான் எனக்குப் பிழைப்பு. 2018-இல் மூணாறு மலையில் நீலக்குறிஞ்சி பூக்கும் என்று முந்தைய வருடமே திட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்த ஆகஸ்டில் எனக்கு எட்டாம் மாதம். வெளியே கேரளம் முழுக்க வெள்ளம், மூணாறு ரோடெல்லாம் இடிந்து கிடந்தது. குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும், அடுத்தது 2030. மகளும் குறிஞ்சியும் ஒரே செட் என்பார் வீட்டுக்காரர்.

மறையூரில் நடந்ததை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. அவளுக்கு அப்போது நாலு வயது. உடுமலை, சின்னார் செக்போஸ்ட் வழியாக வாடகைக் காரில் போனோம், நானும் அவளும் மட்டும். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்தே அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ஆசை. ஆலைக்கொட்டகையில் பெரிய கொப்பரை. கீழே காய்ந்த கரும்புச் சக்கையை அள்ளி அள்ளித் திணிக்கிறார்கள், மேலே பாகு பொங்குகிறது. பதம் வந்ததும் மரத்தொட்டியில் கவிழ்த்து, சூடு முழுக்க ஆறுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். விரல் தடம் அப்படியே வெல்லத்தில் பதிகிறது. அந்தக் கையைத்தான் நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று.

பின்னால் சத்தம். திரும்பினால் ஒரு பெரியவர் மகளை இடுப்போடு சேர்த்துத் தூக்கி வைத்திருக்கிறார். அவள் நின்ற இடத்துக்கும் கொப்பரைக்கும் இரண்டடிகூட இருக்காது.

"பாகு பட்டா தோலோட வரும் தாயி. பிள்ளையைப் பிடி."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் கையில் ஒரு சின்ன உருண்டையைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கட்டுரை வந்தது, நல்ல வரவேற்பு. அதில் மகள் வரவே இல்லை. நான் தனியாகப் போய்வந்த மாதிரி எழுதியிருந்தேன். கொப்பரையைவிட அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயணம் மாதத்தில் ஐந்து நாள்தான். மிச்ச நாளெல்லாம் படம் பிரிப்பது, எழுதுவது, ஹோட்டல்காரர்களின் மெயிலுக்குப் பதில் போடுவது. கூகுள் விளம்பரக் காசு 100 டாலர் சேர்ந்தால்தான் பேங்க்குக்கு வரும். வலைத்தளத்துக்கு ஆள் வராத மாதங்களில் அது இழுத்துக்கொண்டே போகும். ஊருக்குப் போனால் மகளுக்கு நான் இல்லை என்று தெரியும், பாட்டியிடம் ஒட்டிக்கொள்வாள். வீட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு "இதோ வர்றேன் கண்ணு" என்று ஒரு மணி நேரம் சொல்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒருநாள் அத்தை தோசையை வைத்ததும் தீப்பெட்டியை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "இருங்க பாட்டி, வெளிச்சம் சரியில்ல" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை.

செங்கோட்டைக்காரன்:

அக்கா, உங்களிடம் கேட்கும் கேள்வியை என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் இரண்டு பையன்கள். ஆரியங்காவு, பாலருவி, தென்மலை என்று அலைந்துகொண்டே இருக்கிறேன். "குடுத்து வச்சவர் சார்" என்பார்கள், அத்தோடு சரி.

என் மனைவி தென்காசியில் நர்ஸ். அவருடைய டியூட்டி சார்ட் வந்த பிறகுதான் என் காலண்டர். நைட் ஷிப்ட் வாரத்தில் நான் செங்கோட்டையைத் தாண்ட மாட்டேன். இந்த ஒழுங்குக்கு வர எங்களுக்கு மூன்று வருடச் சண்டை தேவைப்பட்டது. (பள்ளிக்கூடப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை. போன வருடம் பெரியவன் 'சுற்றுதல்' என்று எழுதிவிட்டான்.)

செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை 1904-இல் திறந்தது. அகலப்பாதையாகி 2018-இல் மறுபடி வண்டி ஓடத் தொடங்கியதும், கழுதுருட்டிப் பக்கம் இருக்கிற பதிமூணு கண் பாலத்தில் ரயில் போவதை எடுத்தே தீர்வது என்று இரண்டு பையன்களோடும் போய் நின்றேன். இரண்டு மணி நேரம். கடைசியில் சின்னவனுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. மறைவாகக் கூட்டிப்போன நேரம் பார்த்து ரயில் போய்விட்டது! பெரியவன் மட்டும் பார்த்தான், பெட்டிகளைக்கூட எண்ணி வைத்திருந்தான். அன்று ராத்திரி அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு படம்கூடக் கிடையாது. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான்.

குமுளி மூன்று ரூம்:

நான் எழுதுகிறவள் இல்லை. குமுளியில் வீட்டோடு மூன்று ரூம் வைத்து நடத்துகிறோம். இலவசமாகத் தங்கி எழுதித் தருகிறோம் என்று வருகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. பலர் நல்லவர்கள். ஒரு ஜோடி மட்டும் மறக்காது. ஒரு வயதுக் குழந்தைக்குக் கசவு முண்டு (ஜரிகைக் கரை போட்ட கேரள வேட்டி) கட்டி, காலை ஆறரை மணி வெயிலில் ஏலக்காய்ச் செடி நடுவே உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். குழந்தை அழுகிறது, நிறுத்தக் காத்திருக்கிறார்கள், மறுபடி எடுக்கிறார்கள். பிள்ளைக்குப் பசி என்று நானே வாங்கிக்கொண்டு போய்க் கஞ்சி ஊட்டினேன். கோபம் வந்துவிட்டது அவர்களுக்கு. எழுதியும் தரவில்லை. போகட்டும்.

அப்புறம், கம்பம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறுவதற்கு முன் பிள்ளைகளுக்கு வயிறு முட்ட இட்லி கொடுக்காதீர்கள். பெட்ஷீட் துவைக்கிறவள் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:

குமுளி அக்கா, அந்தக் கசவு முண்டு வேலையை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். ஒளிப்பானேன்.

இப்போது எப்படி ஓட்டுகிறேன் என்று தனியே கேட்டவர்களுக்கு: மகள் முகம் படத்தில் வராது, முதுகு, கை, செருப்பு, அவ்வளவுதான். சாயங்காலம் ஆறிலிருந்து அவள் தூங்கும்வரை லேப்டாப் அத்தை ரூமில், பீரோவுக்குள். பிப்ரவரி, மார்ச்சில் வெளியூர் இல்லை. வரையாடு குட்டி போடும் காலம் என்று மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவையே அந்த இரண்டு மாதமும் மூடிவிடுகிறார்கள், நம் வீட்டு வாசலிலும் ஒரு போர்டு மாட்டலாம் என்கிறார் வீட்டுக்காரர். இதனால் வருமானம் குறைந்தது உண்மை. குறையவில்லை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இன்னும் தீராதது லீவு விஷயம். இவளுக்கு ஓணம் லீவு, பொள்ளாச்சியில் அண்ணன் பிள்ளைகளுக்குக் காலாண்டு லீவு. இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தும் மாமன் மகனோடு சேர்ந்து ஒரு டூர் போக முடியவில்லை.

போன ஞாயிறு கொல்லங்கோடு சீதார்குண்டுக்குப் போனோம். மழை பெய்து ஓய்ந்து அருவியில் நல்ல தண்ணீர். முதல்நாள் ராத்திரி, "கேமரா பையை நான்தான் அடுக்குவேன்" என்று அடம்பிடித்தாள். பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று விட்டுவிட்டேன். அங்கே போய் ஆன் செய்தால் உயிரே இல்லை. பேட்டரியைக் காணோம். இவள் தண்ணீரில் காலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பென்சில் பாக்ஸைத் திறந்தேன். உள்ளே இருந்தது.