பூஜ்ஜியம் செருகியதும் தோன்றும் புதிய முகடுகள் பேரிங் பழுதா?

கேள்வி (ஆரணி)
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அரிசி ஆலை ஒன்றில், நிமிடத்திற்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரின் அதிர்வை நொடிக்கு 800 மாதிரி வீதம் பதிந்தேன். நொடிக்கு 3200 மாதிரி எடுக்கும் வேறொரு கருவியின் பதிவோடு ஒப்பிடுவதற்காக, ஆக்டேவ் மென்பொருளின் அப்சாம்பிள் கட்டளையால் ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னும் மூன்று பூஜ்ஜியங்களைச் செருகினேன். நிறமாலையில் (அதிர்வெண் வாரியாக அதிர்வின் அளவைக் காட்டும் வரைபடம்) முன்பு 24 ஹெர்ட்ஸில் மட்டும் நின்ற முகடு, இப்போது 776, 824, 1576 ஹெர்ட்ஸிலும் அதே உயரத்தில் நிற்கிறது; 800, 1600 ஆகிய இடங்களிலும் கோடுகள் தெரிகின்றன. பேரிங் பழுது என்று ஆலை உரிமையாளரிடம் சொல்லலாமா?

மறுமொழி (காட்பாடி)
தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள், நல்ல பேரிங்கை வீணாகக் கழற்ற நேரும். பூஜ்ஜியம் செருகுவதால் புதிய தகவல் எதுவும் சேர்வதில்லை. பழைய நிறமாலையே 800 ஹெர்ட்ஸுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. 800இலிருந்து 24 குறைந்தால் 776, கூடினால் 824, 1600இலிருந்து 24 குறைந்தால் 1576 என்று நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 800, 1600 கோடுகள், அதிர்வு உணரி புவியீர்ப்பால் எப்போதும் காட்டும் நிலையான மதிப்பின் பிம்பங்கள். எனவே செருகிய பின், 400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை நீக்கும் வடிகட்டி கட்டாயம் தேவை. அதன் பெருக்கம் 4 ஆக இருக்க வேண்டும்; இல்லையெனில் அலையின் வீச்சு கால் பங்காகிவிடும். ரீசாம்பிள் கட்டளை இவ்விரண்டையும் தானே செய்துவிடும்.

மறுமொழி (வேலூர், சத்துவாச்சாரி)
மேலே கூறியது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பதிவுக் கருவியின் முன்னால் வடிகட்டி இல்லாதிருந்தால், உண்மையான 776 ஹெர்ட்ஸ் அதிர்வும் 800 மாதிரி வீதத்தில் 24 ஹெர்ட்ஸாகவே பதிவாகும். ஆகவே பேரிங்கைப் பற்றிய முடிவை, 3200 வீதப் பதிவைப் பார்த்தே எடுங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி ஐயா. 3200 வீதப் பதிவில் அந்த மூன்று முகடுகளும் இல்லை. வடிகட்டிய பின் என் பதிவிலும் மறைந்துவிட்டன. ஆனால் பக்கத்து மோட்டார் 1464 சுற்று, அதாவது 24.4 ஹெர்ட்ஸ். ஒரு நொடிப் பதிவின் இறுதியில் பூஜ்ஜியங்களைச் சேர்த்தால் இரண்டும் பிரிந்து தெரியுமா?

மறுமொழி (காட்பாடி)
தெரியாது. இறுதியில் சேர்க்கும் பூஜ்ஜியங்கள் வளைவின் புள்ளிகளை நெருக்கமாக்கும். ஒன்றிப்போன முகடுகளைப் பிரிக்க மாட்டா. ஒரு நொடிப் பதிவால் ஏறத்தாழ ஒரு ஹெர்ட்ஸ் இடைவெளியைத்தான் பிரித்தறிய முடியும். 0.4 ஹெர்ட்ஸுக்கு இரண்டரை நொடி மிகக் குறைந்த அளவு. மோட்டார்கள் ஒரே சுமையில் ஓடும்போது பத்து நொடி பதியுங்கள்.