பழைய சீக்கோ 5, 7009: டயல் ஒரிஜினலா?

ஈரோட்டான்: கோவை உக்கடத்துல ஒரு பழைய சீக்கோ 5 வாட்ச் பார்த்தேனுங்க, உள்ள இருக்கற மெஷின் நம்பர் 7009. பின்மூடில சீரியல் 8N-னு ஆரம்பிக்குது. டயல் புதுசாட்டம் மின்னுது. வாங்கலாமுங்களா?

பொள்ளாச்சி லூப்: மின்னுறதுதானுங்க சந்தேகமே. முதல் எழுத்து வருசத்தோட கடைசி இலக்கம், N-னா நவம்பர். ஆக 1978 இல்லாட்டி 1988. 10x லென்ஸ்ல 6 மணிக்குக் கீழ பாருங்க, டயல் ஓரத்துல பொடி எழுத்துல 7009-னு தொடங்கற குறியீட்டு நம்பர் இருக்கோணும். திரும்பப் பெயிண்ட் அடிச்சா அது காணாமப் போயிரும், இல்லைன்னா எழுத்து தடிச்சு கசிஞ்சிருக்கும். தேதி ஜன்னல் விளிம்புல பெயிண்ட் திரண்டு நிக்குதான்னும் பாருங்க.

திருப்பூர் ஸ்பிரிங்: கிரௌனை (பக்கத்துல இருக்கற திருகு) திருகிச் சாவி ஏறலைன்னு பயந்துக்காதீங்ணா, 7009-க்கு கைச்சாவியே கிடையாது, ஆட்டினாத்தான் சாவி ஏறும். 30 தடவை மெதுவா ஆட்டுங்க. ஆட்டறப்ப கரகரன்னா பின்மூடியைக் கழட்டச் சொல்லுங்க. உள்பக்கம் வட்டக் கீறல் இருந்தா ரோட்டரோட (ஆட்டறப்ப சுத்திச் சாவி ஏத்தற அரைவட்டத் தகடு) பேரிங் தேஞ்சு, அது மூடில உரசுது.

பொள்ளாச்சி லூப்: மூடி திறந்தா மூவ்மெண்ட்லயும் (உள் மெஷின்) 7009-னே இருக்கோணும். கேஸ்கெட் (பின்மூடி ரப்பர் வளையம்) கெட்டிப்பட்டிருந்தா அப்பவே மாத்திருங்க, பழசை மறுபடி போட்டா வேர்வை இறங்கும். பெயிண்ட் அடிச்ச டயல்னா சொன்ன வெலைல பாதிக்கு மேல பேசாதீங்க.