ஆபாசப் படம் பார்ப்பதே குற்றமா, பகிர்ந்தால்தான் குற்றமா?

நெல்லை_வாசகன்:
வீட்டில் தனியாகப் பார்ப்பதுகூடக் குற்றம் என்கிறான் என் அறை நண்பன். 2015-ல் மத்திய அரசு 857 ஆபாசத் தளங்களை முடக்கி, சில நாளிலேயே பின்வாங்கியதே, இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

கருப்புக்கோட்டு:
பெரியவர்கள் நடித்ததைத் தனியாகப் பார்ப்பது குற்றம் என்று எந்தப் பிரிவும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் வெளியிடுவதையும் அனுப்புவதையும்தான் பிடிக்கும், வாட்ஸ்அப் குழுவில் ஃபார்வர்டு செய்வதும் அதில் சேரும். குழந்தைகள் என்றால் கதையே வேறு. 67பி-யில் தேடுவது, பார்ப்பது, பதிவிறக்குவது எல்லாமே குற்றம். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்தது, செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டு வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது.

தமிழ்நதி77:
தளத்தை முடக்கி என்ன பயன் சார், இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டால் திறந்துவிடுகிறது. காசு வரும் வழியை அடைத்தால்தான் அசைவார்கள். 2020 டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு ஆகிய அட்டை நிறுவனங்கள் பார்ன்ஹப் என்ற ஆபாசத் தளத்துக்குப் பணம் வாங்கித் தருவதை நிறுத்திய சில நாளில், யார் ஏற்றியது என்று உறுதியாகாத லட்சக்கணக்கான வீடியோக்களை அந்தத் தளமே எடுத்தது.

வேப்பமரம்:
எல்லாரும் பார்ப்பவனைப் பற்றியே பேசுகிறீர்கள். சம்மதமில்லாமல் படம் வெளியான பெண் என்ன செய்வாள்? 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் அவள் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்தில் தளம் அதை எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். அதற்குள் எத்தனை பேர் போனில் சேமித்திருப்பான்?

கருப்புக்கோட்டு:
உண்மைதான். அப்படிப் பரப்புகிறவன் மேல் அதே சட்டத்தில் அந்தரங்கத்தை மீறுவதற்கான 66இ பிரிவையும் போடலாம், ஆனால் ஸ்டேஷனில் முதலில் அவளைத்தான் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்.