35 மி.மீ.யிலிருந்து 120-க்கு: முதல் மீடியம் ஃபார்மட் கேமராவாக எதை வாங்கலாம்?

புதுச்சுருள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். கேமராவில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து, ஃபிலிமை வீட்டிலேயே கழுவி, பழைய என்லார்ஜர் ஒன்றில் பிரிண்டும் போட்டு வருகிறேன். எட்டுக்குப் பத்து அங்குலம் வரை பிரிண்டுகள் நிறைவாகவே வருகின்றன. அதற்கு மேல் பெரிதாக்கினால் முகத்தின் தோலிலும் வெறும் வானத்திலும் துகள் துருத்திக்கொண்டு தெரிகிறது. ஆகவே 120 ஃபிலிமில் பெரிய நெகட்டிவ் தரும் மீடியம் ஃபார்மட்டுக்கு மாறலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

நான் பெரும்பாலும் எடுப்பவை மனிதர்களின் உருவப்படங்களும் பழைய கட்டடங்களும்தான். இதுவரை படித்ததில் மூன்று வழிகள் தென்படுகின்றன: யாஷிகா-மேட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமரா (டி.எல்.ஆர்.), மாமியா அல்லது ப்ரானிகாவின் 645 (6×4.5 செ.மீ. நெகட்டிவ்) எஸ்.எல்.ஆர்., மாமியா ஆர்.பி.67 (6×7 செ.மீ.). அந்த 6×7 நெகட்டிவின் அளவைப் பார்க்கும்போது, மாறுவதென்று ஆனபின் எடுத்த எடுப்பிலேயே அதற்குப் போய்விடலாமே என்றும் தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். ஃபிலிமைப் பொருத்துவதிலும் கழுவுவதிலும் நான் புதிதாகக் கற்க வேண்டியவை என்ன என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

சதுரம் எழுதியது:

நண்பரே, கேமராவைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் என்லார்ஜரைப் பாருங்கள். 35 மி.மீ.க்கு மட்டும் அமைந்த என்லார்ஜராக இருந்தால் 120 நெகட்டிவின் நடுப்பகுதிக்கு மட்டுமே ஒளி விழும். 6×6 வரை ஏற்கும் என்லார்ஜராக இருந்தால், 75 அல்லது 80 மி.மீ. லென்ஸும் நெகட்டிவைப் பிடித்துக்கொள்ளும் அந்த அளவுக்குரிய கேரியரும் போதும். 6×7 ஏற்கும் என்லார்ஜர்கள் உருவத்திலேயே பெரியவை. இங்கே வரும் கேள்விகளில் பாதி, கேமராவை வாங்கி முடித்த பிறகு, அந்த நெகட்டிவை எதில் போட்டுப் பெரிதாக்குவது என்று கேட்பவையாகவே இருக்கின்றன.

அடுத்து அளவு. 120 என்பது 1901 முதல் இருந்துவரும் ஃபிலிம். ஏறத்தாழ 6 செ.மீ. அகலமுள்ள அதே சுருளில் 645 கேமரா 15 அல்லது 16 படங்களும், 6×6 கேமரா 12 படங்களும், 6×7 கேமரா 10 படங்களும், 6×9 கேமரா 8 படங்களும் எடுக்கின்றன. 35 மி.மீ. சட்டத்தின் பரப்பு 864 சதுர மி.மீ.; 56×56 மி.மீ. கொண்ட 6×6 சட்டத்தின் பரப்பு 3,136 சதுர மி.மீ., அதாவது மூன்றரை மடங்குக்குச் சற்று மேல். எனினும் சதுரப் படத்தை நீள்சதுரமாக வெட்டிப் பிரிண்ட் போடுபவருக்குக் கிடைப்பது 645-இன் பரப்புதான். உங்களுக்குச் சதுரம் பிடிக்குமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்குமென்றால் என் பரிந்துரை டி.எல்.ஆர்.

காரணம், அதில் கெட்டுப்போகக்கூடியவை குறைவு. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. ஷட்டர் கீழ் லென்ஸுக்குள்ளேயே இருப்பதாலும், படம் எடுக்கும் நேரத்தில் கண்ணாடி எதுவும் மேலெழும்பாததாலும் அதிர்வு மிகக் குறைவு. 1/30 நொடியில் கையில் பிடித்தே எடுத்துவிடலாம். இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கும் கேமராவுக்கு முன்னால் மனிதர்கள் அவ்வளவாக விறைப்பதில்லை என்பதும் உருவப்படம் எடுப்பவருக்கு ஒரு வசதி. பார்க்கும் திரையில் இடம் வலமாகத் தெரியும். கேமராவை நகர்த்தினால் உருவம் எதிர்த்திசையில் ஓடும். முதலில் எரிச்சலாக இருக்கும், பிறகு கை பழகிவிடும்.

ஆர்.பி.67-ஐ நான் குறை சொல்லவில்லை. 1970-இல் ஸ்டூடியோவுக்கென்றே வந்த கேமரா அது, பேட்டரியே வேண்டாம், பின்பகுதியைச் சுழற்றினால் கேமராவைத் திருப்பாமலே நெடுக்குப் படம் கிடைக்கும், லென்ஸை முன்னால் நீட்டும் பெல்லோஸ் (மடிப்புத் துருத்தி) இருப்பதால் முகத்துக்கு மிக அருகில் செல்லலாம். ஆனால் 90 மி.மீ. லென்ஸுடன் சேர்ந்து இரண்டரைக் கிலோவுக்குக் குறையாத பொருளை, முக்காலியும் சேர்த்து, கட்டடம் கட்டடமாகத் தூக்கிச் செல்வீர்களா? வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும் 6×7-ஐவிடத் தோளில் தொங்கும் 6×6 மேல் என்பது என் கட்சி.

நீள்சட்டம் எழுதியது:

சதுரம் அவர்கள் சொன்னதில் என்லார்ஜர் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன், டி.எல்.ஆர். பற்றிய பகுதியில் உடன்பாடில்லை. உருவப்படமே முதன்மை என்று கேள்வியாளர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலான டி.எல்.ஆர்.களில் லென்ஸை மாற்ற முடியாது, 80 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 1 மீட்டருக்கு அருகில் ஃபோகஸ் ஆகாது. அந்தத் தொலைவில் சட்டத்துக்குள் அடங்குவது ஏறத்தாழ 60 செ.மீ. சதுரம், அதாவது தலையும் தோளும் மார்பும். முகம் மட்டும் வேண்டுமென்றால் வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் நெகட்டிவின் பரப்புக் கணக்கு மறுபடியும் குறைகிறது. லென்ஸ் மாற்றும் வசதியும் பெல்லோஸும் கொண்ட மாமியா சி220, சி330 மட்டும் இதற்கு விலக்கு. ஆனால் அவற்றின் எடையும் இலேசானதன்று.

645 எஸ்.எல்.ஆரில் 150 மி.மீ. லென்ஸ் போட்டால், 35 மி.மீ.யில் 90 மி.மீ. லென்ஸ் தரும் பார்வை கிட்டும். நீள்சதுரத் தாளுக்கு வெட்டாமல் பொருந்தும். 35 மி.மீ. நெகட்டிவை 30×40 செ.மீ. தாளுக்குக் கொண்டுவர 12.5 மடங்கு பெரிதாக்க வேண்டும். 645-க்கு ஏழு மடங்கு போதும். துகளைப் பற்றிய கேள்வியாளரின் முறையீடு அந்த வேறுபாட்டிலேயே தீர்ந்துவிடும்.

645-இன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அதன் சட்டம் இயல்பாகவே கிடைநிலையில் அமைந்தது. நெடுக்குப் படத்துக்குக் கேமராவைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். இடுப்பளவுத் திரையோடு அது நடக்காத காரியம், கண்ணருகே வைத்துப் பார்க்கும் ப்ரிஸம் ஃபைண்டர் கட்டாயம் தேவை. அடுத்து, இவற்றின் ஷட்டர் மின்னணுவில் இயங்குவது. ப்ரானிகா ஈ.டி.ஆர்.எஸ்.-இல் பேட்டரி தீர்ந்துபோனால் 1/500 நொடி ஒன்றுதான் மிஞ்சும். மாற்று பேட்டரி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது.

எந்த வகையை வாங்கினாலும் ஒன்றை மனத்தில் வையுங்கள். அதே பார்வைக் கோணத்துக்கு இங்கே நீளமான லென்ஸ் தேவைப்படுவதால், கூர்மையாக விழும் ஆழம் சுருங்கிவிடும். 35 மி.மீ.யில் எஃப்/5.6-இல் கிடைத்த ஆழம் 6×6-இல் கிடைக்க எஃப்/10-ஐ ஒட்டி மூட வேண்டும். கட்டடம் எடுக்கும்போது இதனால் ஷட்டர் வேகம் இறங்கிவிடும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமைப் போடத் தயங்க வேண்டாம். இந்த நெகட்டிவ் அளவில் அதன் துகள் உங்களை உறுத்தாது.

வெள்ளி உப்பு எழுதியது:

கேமராத் தேர்வை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, பொருத்துவதையும் கழுவுவதையும் மட்டும் சொல்கிறேன்.

120-இல் உலோகக் கூடு கிடையாது. ஃபிலிம் ஒரு கறுப்புப் பின்தாளோடு சேர்த்துச் சுருட்டப்பட்டிருக்கும். அந்தத் தாளை இறுக்கமாகப் பிடித்திருப்பது மட்டுமே ஒளி புகாமல் காக்கும் வழி. வெயிலில் நின்று பொருத்தக் கூடாது. தாளின் நுனியை வெற்று ஸ்பூலின் பிளவில் நுழைத்து, நேராகச் செல்கிறதா என்று பார்த்தபடி, தாளில் அச்சிட்ட அம்புக்குறி கேமராவின் உள்ளே உள்ள குறியோடு பொருந்தும் வரை சுற்றிவிட்டு மூடுங்கள். இதைச் செய்யும்போது சுருளை விரலால் இலேசாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். தளர்வாகச் சுற்றிய சுருளின் ஓரங்களில் ஒளி கசியும். படங்கள் முடிந்ததும் மீதித் தாளையும் சுற்றி, வெளியே எடுத்து, நுனியை மடித்து, பசைப் பட்டையை நனைத்து ஒட்ட வேண்டும். திரும்பச் சுற்றும் வேலை இங்கே இல்லை. வெற்று ஸ்பூலைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த ஃபிலிமை ஏந்தப்போவது அதுவே.

கழுவும்போது, ஃபிலிமைச் சுற்றித் தொட்டிக்குள் வைக்கும் பேட்டர்சன் வகை ரீலின் இரு பக்கங்களையும் திருகி அகலப்படுத்திக்கொள்ளலாம். இருட்டில் பின்தாளைப் பிரித்துக்கொண்டே வந்தால், முதலில் ஃபிலிமின் ஒட்டாத முனை கைக்கு வரும். அதை உடனே ரீலில் செருக முயலாமல், தொடர்ந்து பிரித்து மறுமுனைக்குப் போங்கள். அங்கே ஃபிலிமைத் தாளோடு இணைக்கும் ஒட்டுப்பட்டை இருக்கும். அதைத் தாளிலிருந்து மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் உரியும் இடத்தில் நீலநிறமாக ஒரு மின்னல் ஒளிர்வதை இருட்டில் நீங்களே காண்பீர்கள். உரித்த பட்டையை ஃபிலிமின் முனை மேலேயே மடித்து ஒட்டிவிட்டால் முனை விறைப்பாகி, ரீலின் பள்ளத்தில் மடங்காமல் ஏறும். 120 ஃபிலிமின் அடித்தளம் 35 மி.மீ.யைவிட மெல்லியது, அகலமோ அதிகம். வளைந்த இடத்தில் வலுக்கட்டாயமாகத் தள்ளினால் நெகட்டிவில் பிறை வடிவக் கறை விழும். ரீல் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஒரு ரீலுக்கு 500 மி.லி. கரைசல் தேவை. நேரம் மாறாது: எச்.பி.5 பிளஸ் ஃபிலிமை ஐ.எஸ்.ஓ. 400-இலேயே எடுத்து, நீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்த டி-76 டெவலப்பரில் 20 டிகிரி செல்சியஸில் 11 நிமிடம் என்பது இதற்கும் பொருந்தும். 36 படங்கள் கொண்ட 35 மி.மீ. சுருளின் பரப்பும் ஒரு 120 சுருளின் பரப்பும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் டெவலப்பர் தீரும் கணக்கும் அதே கணக்குதான்.

பழைய கேமரா வாங்கப் போகிறவர் என்பதால் இன்னும் ஒன்று. 620 என்று குறித்த கேமராக்களை வாங்கிவிடாதீர்கள். ஃபிலிம் அதேதான், ஆனால் ஸ்பூல் மெலிந்தது; ஒவ்வொரு சுருளையும் இருட்டில் மாற்றிச் சுற்றிக்கொண்டிருக்க நேரும்.

புதுச்சுருள் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. என்லார்ஜரைத் திறந்து பார்த்தேன்: 6×6 வரை ஏற்கும். 35 மி.மீ.க்கான கேரியர் மட்டும் இருக்கிறது. மற்றொன்றையும் 80 மி.மீ. லென்ஸையும் தேட வேண்டும். ஆகவே ஆர்.பி.67 பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. நீள்சட்டம் அவர்கள் சொன்ன அருகாமைக் குறை உண்மைதான் என்றாலும், நான் எடுக்கும் உருவப்படங்களில் மனிதர்கள் தம் சூழலோடுதான் இருப்பார்கள். முகம் மட்டும் எடுப்பது அரிது. சதுரமும் பிடித்திருக்கிறது. எனவே யாஷிகா-மேட் 124ஜி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்குமுன் எவற்றைச் சோதிக்க வேண்டும்? அதிலுள்ள லைட் மீட்டரை நம்பலாமா?

சதுரம் எழுதியது:

மீட்டரை நம்ப வேண்டாம். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கென வடிவமைக்கப்பட்டது. அந்த பேட்டரி இப்போது தயாராவதில்லை. அதே அளவிலுள்ள 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் உள்ளதைவிட அதிக ஒளியைக் காட்டும், நெகட்டிவ் மெலிந்து வரும். 1.4 வோல்ட் தரும் ஜிங்க்-ஏர் பேட்டரி ஓரளவு சரியாக இருக்கும் என்றாலும், உள்ளே இருக்கும் ஒளியுணரியே முதுமையடைந்திருக்கக்கூடும். தனி மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்கள் 35 மி.மீ. கேமராவின் மீட்டரில் அளந்து இதில் பொருத்துங்கள். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமுக்கு எஃப்/16-இல் 1/500, திறந்த நிழலில் அதே வேகத்துக்கு எஃப்/5.6 என்று தொடங்கினால் பெரிதாகத் தவறாது.

சோதனைக்கு வருவோம். பின்கதவைத் திறந்துவைத்து 1 நொடியிலிருந்து ஒவ்வொரு வேகமாக ஓட்டுங்கள். மெதுவான வேகங்களில் பற்சக்கரத்தின் ஓசை ஒரே சீராகக் கேட்க வேண்டும். இழுத்து இழுத்து நின்றால் உள்ளே எண்ணெய் பிசுபிசுத்துவிட்டது என்று பொருள், சுத்தம் செய்யும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். டைமர் நெம்புகோலைத் தொடாதீர்கள். பழைய ஷட்டர்களில் அது பாதியில் சிக்கிக்கொண்டால் கேமராவே முடங்கிவிடும். பி நிலையில் (அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) கீழ் லென்ஸைத் திறந்துவைத்து டார்ச் ஒளியில் பூஞ்சை தேடுங்கள். மேல் லென்ஸில் சிறு பூஞ்சை இருந்தாலும் படத்துக்குக் கேடில்லை. விலையைக் குறைத்துக் கேட்க மட்டும் அது பயன்படும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரண்டு லென்ஸும் ஒரே இடத்தில் ஃபோகஸ் ஆகின்றனவா என்பது. முன்பு யாரேனும் கழற்றிப் பூட்டியிருந்தால் இது பெரும்பாலும் தவறியிருக்கும். ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் ஒரு டிரேசிங் தாளை இழுத்து ஒட்டி, பி நிலையில் ஷட்டரைத் திறந்து, எஃப்/3.5-இல் தொலைவிலுள்ள விளக்கு ஒன்றை மேல் திரையில் உருப்பெருக்கியால் பார்த்துக் கூர்மையாக்குங்கள். கீழே தாளில் விழும் உருவமும் அதே நேரத்தில் கூர்மையாக இருக்க வேண்டும். அருகில் ஒன்றரை மீட்டரில் உள்ள ஒரு பொருளை வைத்தும் இதையே செய்யுங்கள்.

நீள்சட்டம் எழுதியது:

தேர்வு முடிந்துவிட்டதால் ஒரு சேர்ப்பு மட்டும். இரண்டு லென்ஸுக்கும் இடையில் ஏறத்தாழ 4 செ.மீ. இடைவெளி இருப்பதால், அருகில் நிற்பவரை எடுக்கும்போது நீங்கள் திரையில் பார்த்ததைவிடச் சட்டம் சற்றுக் கீழே இறங்கிவிடும். தலையின் மேல் நீங்கள் விட்டிருந்த இடம் குறையும். முக்காலியில் இருந்தால், பார்த்து முடித்த பிறகு நடுக்கம்பத்தை அந்த 4 செ.மீ. உயர்த்திவிட்டு எடுங்கள். மாமியா தன் டி.எல்.ஆர்.களுக்காக இந்த ஒரு வேலையைச் செய்வதற்கென்றே பாராமெண்டர் என்ற கருவியைத் தயாரித்தது. கையில் பிடித்து எடுக்கும்போது தலைக்கு மேல் சற்று அதிகமாகவே இடம் விட்டுவிடுங்கள், பிரிண்ட் போடும்போது சரிசெய்துகொள்ளலாம்.